பாட்டி ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அவ்வளவுதானா?

பெர்ஜுந்தை பேத்தி:
பாட்டி போன வாரம் செவ்வாய்க்கிழமை தவறிவிட்டார். வயது 86. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியே எங்கள் எல்லோரையும் ஆளாக்கியவர் (ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ வருஷமாகிவிட்டது, பாட்டி கடைசிவரை பெர்ஜுந்தை என்றுதான் சொன்னார்). அம்மாவும் நானும் கிறிஸ்தவர்கள், பாட்டியும் மாமா வீட்டாரும் இந்துக்கள். பாட்டியை ஹாலில் கிடத்தியிருந்தபோது துக்கம் கேட்க வந்த ஒரு பாஸ்டர், எந்தச் சபை என்று கேட்காதீர்கள், அம்மாவைச் சமையல்கட்டுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டு, "எத்தனை தடவை சொன்னோம், கேட்கவில்லையே, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். எபிரெயர் 9:27ஐயும் எடுத்துச் சொன்னார், மனுஷன் ஒரே தரம் மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்பு அடைவதும். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கிறிஸ்தவ விசுவாசம் உண்மையிலேயே இதைத்தான் சொல்கிறதா? ஆறுதல் வேண்டாம், தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

லாரிக்கார யோவான்:
சிஸ்டர், ஆழ்ந்த அனுதாபங்கள். ஆறுதல் வேண்டாம் என்றதால் நேராகவே எழுதுகிறேன். சாவு வீட்டில் வைத்து அதைச் சொன்னது தப்பு, ஆனால் சொன்ன விஷயம் தப்பில்லை. யோவான் 14:6ல் தம்மாலேயல்லாமல் ஒருவனும் பிதாவிடம் வரமாட்டான் என்று இயேசுவே சொல்லிவிட்டார், அதில் 'நல்ல மனுஷியாக இருந்தால் போதும்' என்று எங்கே இருக்கிறது? லூக்கா 16ல் ஐசுவரியவான் பாதாளத்தில் இருந்து கெஞ்சுகிறான், ஆபிரகாம் நடுவே பெரும்பிளப்பு இருக்கிறது, யாரும் கடக்க முடியாது என்கிறார். அப்புறம் தலைப்பில் ஞானஸ்நானம் என்று போட்டிருக்கிறீர்கள், அதுவல்ல பிரச்சினை. சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, ஆனால் வாயைத் திறந்து இயேசுவிடம் கேட்டான். நான் வேதபாடசாலை போனவன் இல்லை, செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறேன், ஆனால் வாசிக்கத் தெரியும்.

முருகன் துணை:
மேலே எழுதியவளின் மாமா மகன் நான், அவள் சொல்கிற பாட்டி என் அப்பாவைப் பெற்றவர். பிரதர், எங்களுக்கு இந்தப் பிறவியில் தவறினால் அடுத்த பிறவி இருக்கிறது. உங்களுக்கு ஒரே ஒரு பரீட்சை, அதில் கோட்டை விட்டால் காலாகாலத்துக்கும் நெருப்பு. பள்ளி இறுதி எஸ்பிஎம் பரீட்சையையே திரும்ப எழுத விடுகிறார்கள்!

இன்னொன்று. பாட்டிக்கு நாலு வயசிருக்கும்போது அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனான். 415 கிலோமீட்டர் தண்டவாளம். நம் தோட்டங்களில் இருந்து போன பல்லாயிரம் பேர் அங்கேயே காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள், எங்கள் பூட்டனாரும் திரும்பி வரவில்லை, எந்த இடத்தில் புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. ஆடி அமாவாசைக்குப் பாட்டி அவருக்காக விளக்கு வைப்பார். அந்தக் காட்டில் அவருக்கு யார் வந்து யோவான் 14:6 சொன்னார்கள்? அவரும் நரகத்தில்தானா?

லாரிக்கார யோவான்:
நல்ல கேள்வி, மழுப்ப மாட்டேன். கேள்விப்படவே வாய்ப்பில்லாதவர்களைப் பற்றி ரோமர் 2ல் பவுல் பேசுகிறார், நியாயப்பிரமாணம் இல்லாதவர்களுக்கு மனச்சாட்சியே சாட்சி என்று. உங்கள் பூட்டனாரைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டியின் கதை வேறு. அவர் வீட்டிலேயே இரண்டு கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், எத்தனை வருஷம் கேட்டிருப்பார். கேட்காதவன் வேறு, கேட்டும் வேண்டாம் என்றவர் வேறு.

ஏழாம் நாள்:
இரண்டு பேரும் அவசரப்படுகிறீர்கள். இன்னும் யாரும் எங்கேயும் போகவில்லை. பிரசங்கி 9:5, மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள். எல்லோரும் நித்திரையில் இருக்கிறார்கள், உயிர்த்தெழுதல் வரைக்கும். துன்மார்க்கருக்கும் முடிவில்லாத சித்திரவதை கிடையாது, அக்கினி எரித்து முடித்துவிடும்.

அந்தோணி வாத்தியார்:
பிள்ளைகளா, நான் கத்தோலிக்கன், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் திருச்சபையும் தீர்ப்பு உண்டு, நரகம் உண்டு என்றுதான் போதிக்கிறது. ஆனால் உலகத்து ஆயர்களெல்லாம் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் 16ஆம் பத்தியைப் பாருங்கள்: தன் குற்றமில்லாமலே கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதவர்கள், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனச்சாட்சிப்படி நடக்க முயன்றால் அவர்களும் நிலையான மீட்பை அடைய முடியும். மீட்பு கிறிஸ்துவால்தான் வருகிறது, அதில் மாற்றமில்லை. அது யார் யாரை எந்த வழியில் சென்று சேரும் என்பதற்குத்தான் நாம் வேலி போடக்கூடாது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் லியோனார்ட் ஃபீனி என்று ஒரு குருவானவர், கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெளியே ஒருவருக்கும் மீட்பில்லை என்று பிடிவாதமாகப் பிரசங்கம் பண்ணினார். ரோமாபுரி கூப்பிட்டு அனுப்பியது, போகவில்லை, 1953ல் அவரையே சபை நீக்கம் செய்துவிட்டார்கள். காகிதத்தில் காரணம் கீழ்ப்படியாமை, ஆனால் சண்டை இதற்காகத்தான். வெளியே மீட்பில்லை என்று சொன்னவர் வெளியே நின்றார்!

முக்கியமானது ஒன்று. எங்கள் சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது, இன்னார் விண்ணகத்தில் இருக்கிறார் என்று. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று இதுவரை ஒருவரைக்கூட, யூதாசைக்கூட, அறிவித்ததில்லை. அந்தப் பாஸ்டர் எந்த அதிகாரத்தில் அறிவித்தார்? நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு உன் பாட்டிக்காகவும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன் அம்மா.

லாரிக்கார யோவான்:
சார், மரியாதையோடு கேட்கிறேன். உங்கள் சபைதானே 1442ல் புளோரன்ஸ் சங்கத்தில் புறமதத்தாரும் யூதரும் சபைக்கு வெளியே உள்ள எல்லோரும் நித்திய அக்கினிக்குப் போவார்கள் என்று எழுதி வைத்தது? 1964ல் வேறு மாதிரி எழுதினால் எதை நம்புவது? மரித்தவர்களுக்காக ஜெபிப்பதற்கு உங்கள் சபை ஆதாரம் காட்டும் மக்கபேயர் ஆகமமும் எங்கள் வேதாகமத்தில் இல்லை. அப்புறம் மனச்சாட்சியே போதும் என்றால் எதற்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டும்? பேசாமல் விட்டுவிட்டால் எல்லோரும் 'அறியாதவர்கள்' கணக்கில் தப்பித்துவிடுவார்களே. சொல்லித்தான் கெடுத்தோமா?

அந்தோணி வாத்தியார்:
1442 உண்மைதான், மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் சுவிசேஷம் உலகமெங்கும் எட்டிவிட்டது, ஏற்காதவன் வேண்டுமென்றே மறுக்கிறான் என்று நினைத்தார்கள். கடல் தாண்டிப் போய்ப் பார்த்த பிறகுதான் உலகம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. நீ கேட்ட கடைசிக் கேள்வி கூர்மையானது, அதற்கு என்னிடம் ஒரு வரிப் பதில் இல்லை.

தரங்கம்பாடிக்காரி:
லுத்தரன் வீட்டில் பிறந்தவள், நானும் வருகிறேன். யோவான் தம்பி, கிருபையினாலே, விசுவாசத்தைக் கொண்டு, கிரியைகளினால் அல்ல என்கிற எபேசியர் 2:8-9 எங்களுக்குப் பாலோடு ஊட்டியது. ஆனால் 'கேட்டார், மறுத்தார், முடிந்தது' என்று நீங்கள் சொல்லும்போது விசுவாசத்தையே ஒரு கிரியையாக்கி, பாட்டி அதைச் செய்யவில்லை என்று மதிப்பெண் குறைக்கிறீர்கள். விசுவாசம் தேவன் கொடுக்கிற ஈவு என்றால், கடைசி மூச்சில் அவர் என்ன கொடுத்தார் என்று பிறகு துக்கம் கேட்க வந்த அந்தப் பாஸ்டருக்கு எப்படித் தெரியும்? எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரிடமே ரெக்கன்பெர்க் என்ற ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். 1522ல் பதில் எழுதினார்: சாகும் நேரத்திலோ செத்த பிறகோ விசுவாசத்தைக் கொடுக்கத் தேவனால் முடியும் என்பதை யார் சந்தேகிப்பார்கள், ஆனால் அப்படிக் கொடுக்கிறார் என்று ஒருவராலும் நிரூபிக்க முடியாது. விசுவாசமில்லாமல் இரட்சிப்பில்லை என்பதையும் அதே கடிதத்தில் விடாமல் சொல்கிறார். எனக்கு அந்த இடம் போதும். வாத்தியார் ஐயாவும் கொஞ்சம் தாராளமாகப் போகிறார் என்றுதான் படுகிறது, மனச்சாட்சிப்படி நடந்தேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

பெர்ஜுந்தை பேத்தி:
எல்லோருக்கும் நன்றி. யோவான் அண்ணா, பாட்டி கேட்டார், மறுத்தார் என்றீர்கள். என்ன கேட்டார் என்று சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஒரு ஊழியக்காரர் மைக் கொண்டுவந்து, மாரியம்மன் கோயிலைக் கைகாட்டி, அது பிசாசு என்றார். பாட்டி அப்போது வேலை முடிந்து பால் வாளியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அவர் காதில் விழுந்த சுவிசேஷம் அதுதான். இயேசுவை மறுத்தாரா, அந்த மைக்கை மறுத்தாரா?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னை எழுப்பிக் குளிப்பாட்டி, கவுனைத் தேய்த்துப் போட்டு, கைக்குட்டை முனையில் ஐம்பது காசு முடிந்து கொடுத்து ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பியது அவர்தான். முடிச்சை இறுக்கிப் போடுவார், அவிழ்க்கப் பல்லால் இழுக்க வேண்டும். வழியில் ஐஸ் வாங்கிவிட்டு வந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், "சாமி காசை எடுத்தியா?" என்பார். மத்தேயு 10:42 படிக்கும்போதெல்லாம் அந்த முடிச்சுதான் ஞாபகம் வருகிறது, இந்தச் சிறியரில் ஒருவனுக்கு ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தவன்கூடத் தன் பலனை இழக்கமாட்டான் என்று.

லாரிக்கார யோவான்:
சிஸ்டர், அந்த மைக் ஊழியம் எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த வசனத்தில் உள்ளது பலன், இரட்சிப்பு இல்லை, அதுவும் சீஷன் என்கிற நாமத்தினிமித்தம் கொடுப்பதைப் பற்றியது. இரண்டையும் குழப்பக்கூடாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், கல் நெஞ்சன் என்று நினைப்பீர்கள். என் அம்மாவும் அப்படித்தான் போனார்கள். கிள்ளான் ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பத்து வருஷமாகிறது. அக்கா எழுதிய கடைசி மூச்சு விஷயத்தை நானும் நினைக்காத ராத்திரி இல்லை. ஆனால் எனக்கு வேண்டும் என்பதற்காக வசனத்தை வளைக்க முடியாது. வளைத்தால் அம்மாவிடம் அந்த மூன்று நாள் நான் சொன்னதெல்லாம் என்ன?

தரங்கம்பாடிக்காரி:
தம்பி, நீங்கள் வளைக்க வேண்டாம். தீர்ப்பை வாசிக்கிற நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள், உங்கள் அம்மாவுக்கும்தான்.

முருகன் துணை:
நான் சண்டை போடத்தான் வந்தேன், விடுங்கள். வருகிற புதன்கிழமை பாட்டிக்கு 16ஆம் நாள். கூடாரமும் இருநூறு நாற்காலியும் டவுனில் இருந்து எடுக்க வேண்டும், சொல்லி வைத்திருந்த வேன் பழுதாகிவிட்டது. யோவான் பிரதர், அன்றைக்கு லாரி சும்மா இருக்குமா?

லாரிக்கார யோவான்:
காலை ஏழு மணிக்கு வருகிறேன். படையலுக்கு நிற்க மாட்டேன், சாப்பிடவும் மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

முருகன் துணை:
கோப்பியாவது குடிப்பீர்களா?