பழைய கணினி கைக்கு வந்ததும் பிளக்கைச் சொருகாதீர்கள்

பாட்டரி கசிந்து அரிப்பதை விட்டுவிட்டால், முப்பது நாற்பது வருடப் பழைய கணினிகள் பரணில் கிடக்கும்போது பெரிதாகக் கெடுவதில்லை. "ஓடுதா பார்ப்போம்" என்று யாராவது சுவிட்சைத் தட்டும்போதுதான் போகின்றன. மின்சாரம் கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், பார்க்காமல் கொடுத்தால் எது முதலில் போகும் என்று அவரவர் கையாண்ட மாடல்களை வைத்து இந்த இழையில் எழுதுவோம். பாகத்தின் மதிப்பும் அளந்த வோல்ட்டும் இருந்தால் போதும். மலரும் நினைவுகளை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பவர் சப்ளையிலிருந்து தொடங்குகிறேன். ஆப்பிள் 2, பிபிசி மைக்ரோ காலத்துப் பவர் சப்ளையைத் திறந்தால், மெயின்ஸ் நுழையும் இடத்தில் தேன் நிறத்தில், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற மாதிரி ஒரு கட்டைக் கெபாசிட்டர் இருக்கும். ரிஃபா என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். உள்ளே உலோகம் பூசிய காகிதம், வெளியே எபாக்சி. காலப்போக்கில் எபாக்சியில் மயிரிழை விரிசல் விட்டு, காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் 230 வோல்ட் கொடுத்தால் சில நிமிடங்களில் படீரென்று வெடித்து அறை முழுக்கப் புகை. இது லைனில் வரும் இரைச்சலை வடிகட்டும் பாகம் மட்டுமே என்பதால் வெடித்த பிறகும் கணினி ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் பழுப்புப் பிசுக்கு போர்டெங்கும் அப்பிவிடும், நாற்றம் லேசில் போகாது. விரிசல் தெரிகிறதோ இல்லையோ, மாற்றிவிடுங்கள். அதே மைக்ரோஃபாரட் மதிப்பு (பெரும்பாலும் 0.1 அல்லது 0.01), எக்ஸ்2 வகை (லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் போடுவது), 275 வோல்ட் ஏசி, பாலிப்ரொப்பிலீன். வாங்குமுன் கால்களுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொள்ளுங்கள், 10, 15, 20 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் உண்டு. லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருப்பது ஒய் வகை. அந்த இடத்தில் எக்ஸ் வகையைப் போட்டால், அது ஷார்ட் ஆகும் நாளில் உலோகப் பெட்டியே ஷாக் அடிக்கும்.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குவது மட்டும் போதாது. ஸ்விட்சிங் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை டிசி தேங்கி நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிடப்பட்ட இடுக்கியால் பிடித்து இரண்டு முனையிலும் அரை நிமிடம் வைத்து, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது லைனில் தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பு போடுங்கள். எல்ஈடி பல்பு இதற்கு ஆகாது. ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். சப்ளையை மதர்போர்டோடு இணைக்காமல், 5 வோல்ட் லைனில் 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைச் சுமையாகக் கொடுத்துச் சோதியுங்கள். பழைய சப்ளைகள் பல, சுமை இல்லாமல் கிளம்பாது, கிளம்பினாலும் தப்பான அளவு காட்டும்.

* * *

அடுத்து காமடோர் 64. இதில் ஆபத்து வெளியே இருக்கும் அடாப்டரில். பழைய அடாப்டருக்குள் எல்லாவற்றையும் எபாக்சி ஊற்றி மூடியிருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லை, பிரித்துப் பார்க்கவும் முடியாது. உள்ளே இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் போகும்போது பொதுவாகக் குறையாது, ஏறும். 6, 7 வோல்ட் என்று ஏறினால் முதல் பலி ரேம் சிப்புகள்.

ஏழு பின் டின் பிளக்கில் 5-ஆம் பின் 5 வோல்ட் டிசி, 2-ஆம் பின் கிரவுண்ட், 6-க்கும் 7-க்கும் இடையே 9 வோல்ட் ஏசி. சுமையோடு அரை மணி நேரம் ஓடவிட்டு அளக்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்திருக்கும்போது 5.0 காட்டிவிட்டுச் சூடானபின் ஏறும் அடாப்டர்கள் இருக்கின்றன. 5.2-க்கு மேல் போனால் ஒதுக்கிவிடுங்கள். சரியாக அளவு காட்டினாலும் பழைய அடாப்டரை நம்பிக் கணினியை இணைப்பது என் கணக்கில் தேவையில்லாத சூதாட்டம். புதிதாகச் செய்த சப்ளை, இல்லையென்றால் 5.5 வோல்ட்டைத் தொட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு சின்ன சர்க்யூட், இரண்டில் ஒன்று கட்டாயம்.

கறுப்புத் திரை என்றால் பிஎல்ஏ சிப் (எந்த நினைவகச் சிப் எப்போது பேச வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது), ரேம், ரோம் (ROM) என்று சந்தேகிக்க நிறைய உண்டு. டெட் டெஸ்ட் என்ற சோதனைக் காட்ரிட்ஜ் இருந்தால் திரை எத்தனை தடவை மின்னுகிறது என்பதை வைத்து எந்த ரேம் சிப் என்று சொல்லிவிடும். காட்ரிட்ஜ் இல்லாதபோது, இரண்டு நிமிடம் ஓடவிட்டு எட்டு 4164 ரேம் சிப்புகளிலும் விரலை வையுங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால் அதுதான். நல்ல சிப்பைக் கெட்டதன் மேல் ஏற்றிவைத்துப் பார்க்கும் முறை, கெட்ட சிப் உள்ளே அறுந்திருந்தால்தான் வேலை செய்யும். ஷார்ட் ஆகியிருந்தால் மேலே எதை வைத்தாலும் பிரயோஜனமில்லை.

ஒலி சிப்பை மாற்றுகிறவர்கள் கவனிக்க: 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட். கால்கள் ஒரே மாதிரி என்பதற்காகப் போர்டு மாற்றிச் சொருகினால், 12 வோல்ட் போர்டில் 8580 போய்விடும்.

* * *

386, 486 மதர்போர்டுகளில் நீல நிறத்தில் உருளையாக ஒரு 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பாட்டரி இருக்கும். கசியாமல் இருக்கிற ஒன்று உங்களிடம் இருந்தால், இதைப் படித்து முடிப்பதற்கு முன் வெட்டி எடுத்துவிடுங்கள்.

கசிந்ததைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. வெளியே வருவதை அமிலம் என்று பலர் நினைத்துச் சமையல் சோடா போடுகிறார்கள். அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். சோடாவால் ஒன்றும் ஆகாது. வினிகரோ எலுமிச்சைச் சாறோதான் வேண்டும். பாட்டரியை வெட்டியபின் பழைய பல் துலக்கியால் வினிகரைத் தடவுங்கள், நுரைக்கும். நுரை அடங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்து, காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கழுவி, கடைசியாக 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு தடவை. வினிகரை அப்படியே விட்டால் அதுவே அரிக்கத் தொடங்கும். ஒரு நாளாவது காயவிடுங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. போர்டின் பச்சைப் பூச்சு கறுத்துத் தெரியும் இடத்தில் கண்ணாடி இழைப் பேனாவால் மெதுவாகச் சுரண்டினால், அடியில் தாமிரம் பளபளப்பாக வர வேண்டும். கறுப்பாகவே பொடிந்து உதிர்ந்தால் அந்த டிராக் (போர்டில் ஓடும் தாமிரக் கோடு) போய்விட்டது. சால்டர் சாம்பல் பூத்திருந்தால் சால்டரிங் அயர்னை எவ்வளவு நேரம் வைத்தாலும் உருகாது. சுரண்டி, ஃபிளக்ஸ் போட்டு, மேலே புதிதாக 60/40 சால்டர் சேர்த்தால்தான் இளகும். மேலே நன்றாக இருக்கும் டிராக், துளை வழியாக அடிப்பக்கம் இறங்கும் இடத்தில் அறுந்திருப்பது சகஜம். ஆகவே ஒவ்வொன்றையும் சிப்பின் காலிலிருந்து சிப்பின் காலுக்கு மீட்டரில் பாருங்கள். பாட்டரி வழக்கமாகக் கீபோர்டு கனெக்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். 8042 கீபோர்டு கன்ட்ரோலரின் சாக்கெட், அருகிலுள்ள ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் (கூடுதல் கார்டு சொருகும் இடம்) ஓரப் பின்கள், கீபோர்டுக்கு 5 வோல்ட் கொண்டுபோகும் டிராக், இவைதான் முதலில் அடிபடும். சாக்கெட்டில் களிம்பு ஏறியிருந்தால் துடைத்து மல்லுக்கட்டாதீர்கள், சாக்கெட்டையே மாற்றுங்கள்.

புது பாட்டரிக்குச் சிஆர் 2032 போட நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அந்தப் போர்டில் சார்ஜிங் சர்க்யூட் இருக்கிறது. லித்தியம் காசு பாட்டரியைச் சார்ஜ் செய்தால் வீங்கி வெடிக்கும். நடுவில் ஒரு ஷாட்கி டயோடு போட்டுப் பின்னோக்கி வரும் மின்சாரத்தைத் தடுங்கள். வெளிப் பாட்டரிக்கு நான்கு பின் ஹெடர் இருந்தால் அதுவே மேல்.

டாலஸ் 1287, 12887 கடிகாரச் சிப்பில் பாட்டரி சிப்புக்குள்ளேயே புதைந்திருக்கும். மாற்றுச் சிப் கிடைக்காவிட்டால், பக்கவாட்டில் எபாக்சியை அரைத்து 16-ஆம் பின்னையும் 20-ஆம் பின்னையும் வெளிப்படுத்துங்கள். உள் பாட்டரிக்குப் போகும் இணைப்பை அறுத்துவிட்டு, 20-ல் நேர்முனையும் 16-ல் எதிர்முனையுமாக வெளியே ஒரு காசு பாட்டரி. அரைக்கும் தூசி மூக்குக்குள் போகாமல் முகமூடி போடுங்கள்.

* * *

ஐபிஎம் 5150, 5160 வைத்திருப்பவர்களுக்கு. சுவிட்சைப் போட்டால் ஃபேன் ஒரு துடி துடித்துவிட்டு நின்றுவிடுகிறதா? பவர் சப்ளையைக் குறை சொல்லுமுன் டான்டலம் கெபாசிட்டர்களைப் பாருங்கள். 12 வோல்ட் லைனில் 16 வோல்ட் மதிப்புள்ள 10 மைக்ரோஃபாரட் டான்டலம் போட்டிருக்கிறார்கள்; இடைவெளி போதாது, ஷார்ட் ஆகிவிடுகின்றன. ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் பி9 (B9) பின் 12 வோல்ட், பி1 (B1) கிரவுண்ட். மின்சாரம் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே ஓம்ஸ் அளந்து, ஒன்றிரண்டு ஓம் காட்டினால் அங்கேதான் வினை. கார்டுகளையும் டிரைவ்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்துகொண்டே வந்தால் எது என்று பிடிபடும், ஏனென்றால் கார்டுகளிலும் இதே டான்டலம் உண்டு. மாற்றும்போது 25 வோல்ட்டோ 35 வோல்ட்டோ போடுங்கள். டான்டலத்தில் கோடு போட்டிருக்கும் பக்கம் நேர்முனை. சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு எதிர்முனை. இதில் குழம்பினால் புதுக் கெபாசிட்டர் போட்ட அன்றே வெடிக்கும்.

பி8, பி9 (P8, P9) என்ற இரண்டு பவர் கனெக்டர்களைத் திரும்ப மாட்டும்போது கறுப்பு ஒயர்கள் நான்கும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி வர வேண்டும். மாறினால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் வேறு வரும். போர்டு அத்தோடு சரி.

* * *

எல்லாக் கெபாசிட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றும் பழக்கம் பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காமடோர் 64 போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக்குகளைக் கழற்றி அளந்தால் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் இருக்கும். அயர்ன் சூட்டில் பேடு (கால் சால்டர் ஆகும் தாமிரத் திட்டு) பிய்ந்து வருவதுதான் மிச்சம். 80-களின் கடைசி, 90-களின் ஆரம்பத்து மாக்கின்டாஷ் போர்டுகள் விதிவிலக்கு. மாக்கின்டாஷ் எஸ்ஈ/30-இல் உள்ள 47 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் எஸ்எம்டி (போர்டின் மேலேயே சால்டர் செய்யும்) கெபாசிட்டர்கள் அடியில் கசிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பட்டை பட்டையாகக் கோடு, ஒலி இல்லாமை அல்லது கேட்டும் கேட்காமலும் இருப்பது, இவை அடையாளம். அயர்ன் வைத்ததும் மீன் நாற்றம் வந்தால் கசிவு உறுதி. முதலில் போர்டைக் கழுவி, பிறகு கழற்றி, பேடுகளைச் சுத்தம் செய்து மறுபடி கழுவுங்கள். அதே போர்டில் 3.6 வோல்ட் அரை ஏஏ லித்தியம் பாட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வெடித்துப் பெட்டியோடு தின்றுவிட்ட மாக்குகள் ஏராளம்.

* * *

பிளாப்பிக்கு வருவோம். டிஸ்க்கின் ஜன்னலைத் தள்ளி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் டிரைவில் போடவே கூடாது. பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த டிஸ்க்கையெல்லாம் கீறிவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்துக் காயவைத்து, ஒரே தடவையில் கிரீஸ்வீசல் மாதிரியான ஃபிளக்ஸ் ரீடரில் (டிஸ்க்கின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவுசெய்யும் கருவி) படித்துவிடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்குப் பிறகும் ஹெட்டைத் துடைக்க வேண்டும்.

360 கேபி டிரைவில் எழுதிய டிஸ்க்கை 1.2 எம்பி டிரைவில் படிக்கலாம், எழுதக் கூடாது. 1.2-இன் ஹெட் குறுகலானது. பழைய அகலத் தடத்தின் ஓரங்கள் அழியாமல் நிற்கும், 360 டிரைவ் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் காம்பேக்ட் ஃப்ளாஷ் கார்டு போடுகிறவர்கள், பழைய பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்) 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் வரைதான் எண்ணும் என்பதை நினைவில் வையுங்கள். அதாவது 504 எம்பி. 8 ஜிபி கார்டு போட்டு "தெரியவில்லை" என்று வரும் கேள்விகளில் முக்கால்வாசிக்கு இதுதான் பதில்.

* * *

மஞ்சளித்த பெட்டியைப் பற்றி ஒரு வரி: பெராக்சைடு களிம்பைத் தூரிகையால் பூசி வெயிலில் வைத்தால் திட்டுத் திட்டாக வெளுக்கும். 6 முதல் 12 சதவீதக் கரைசலில் முழுக்க மூழ்கும்படி வைத்து, கையுறையோடு அவ்வப்போது திருப்புங்கள். சில வருடங்களில் மஞ்சள் திரும்பலாம்.

* * *

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே விட்டுப்போயிற்று. அடாப்டர் 9 வோல்ட் டிசி, பிளக்கின் நடுமுனை எதிர்முனை. இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் நேர்மாறு. கீழ் 16கே ரேம் 4116 வகை. 1-ஆம் பின்னில் மைனஸ் 5, 8-இல் 12, 9-இல் 5 வோல்ட், 16 கிரவுண்ட். மைனஸ் 5 இல்லாமல் மற்ற இரண்டும் வந்தால் ரேம் செத்துவிடும். மின்சாரம் இருக்கும்போது பின்பக்க எட்ஜ் கனெக்டரில் எதையாவது சொருகினால் போவது டிஆர்4 டிரான்சிஸ்டர். அது போனால் 12-ம் மைனஸ் 5-ம் சேர்ந்தே காணாமல் போகும், 7805 ரெகுலேட்டர் மட்டும் 5 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். டிஆர்4-க்கு இசட்டிஎக்ஸ் 650, டிஆர்5-க்கு இசட்டிஎக்ஸ் 213. இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். மாற்றியபின் மூன்று வோல்ட்டும் சரியாக இருந்தும் திரையில் கோடுகள் நின்றால் 4116-களைச் சோதிக்க வேண்டியதுதான். 4164-ஐ அப்படியே அந்த இடத்தில் போட முடியாது: அதற்கு 8-ஆம் பின்னில் 5 வோல்ட்தான் வேண்டும், அங்கே வருவதோ 12.