பார்சிலோனா வீட்டு சீலிங்ல செங்கல் வளைவு, விளக்கு மாட்ட ட்ரில் போடலாமா?

கேள்வி:
வேலைக்காக பார்சிலோனா வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ரொம்பப் பழைய வீடு, சீலிங் முழுக்க வரிசையா உத்தரம், ரெண்டு உத்தரத்துக்கு நடுவுல செங்கல் லேசா வில்லு மாதிரி வளைஞ்சு போகுது. பூச்சு உதிர்ந்த ஒரு இடத்துல ஸ்டூல் போட்டு ஏறிப் பாத்தேன், செங்கலைப் படுக்க வச்சு ஒட்டியிருக்காங்க, சுண்டுவிரல் கனம்தான் இருக்கு. இது எப்படிங்க விழாம நிக்குது? ஒரு தொங்கு விளக்கு மாட்டணும், ட்ரில் போடலாமா?

பதில் 1:
செங்கல்ல மட்டும் போட்றாதீங்க. உத்தரத்துல போடுங்க, அதுவும் மரமா இரும்பானு பாத்துட்டு.

இதுக்குப் பேரு கத்தலான் வளைவு (கத்தலான்னா பார்சிலோனா இருக்கிற கத்தலோனியா பகுதியைச் சேர்ந்தது). இதுல பெரிய விசேஷமே சென்ட்ரிங் அடிக்காம கட்டுறதுதான். ஜிப்சம் காரையைக் கொஞ்சம் கொஞ்சமா குழைச்சு செங்கலோட விளிம்புல மட்டும் தடவி, ஏற்கெனவே ஒட்டின செங்கலோட சேத்து அழுத்திக் கையால பிடிச்சுக்குவாங்க, சட்டுனு இறுகிடும், கையை எடுத்தா செங்கல் அப்படியே அந்தரத்துல நிக்கும், உடனே அடுத்தது. முதல் அடுக்கு முடிஞ்சா அதுவே மேல வர்ற அடுக்குக்கு சென்ட்ரிங் ஆயிடும். ரெண்டாவது அடுக்கை சுண்ணாம்பு இல்லைனா சிமெண்ட் கலவையில போடுவாங்க, கீழ இருக்கிற இணைப்பு மேல மறுபடி அதே இடத்துல வராத மாதிரி. நான் ஒரு தடவை நேர்ல பாத்திருக்கேன், அந்தக் கொத்தனார் கை வேகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா காரை ஒட்டுறதாலதான் நிக்குதுனு நினைச்சுக்காதீங்க, கட்டி முடிச்சப்புறம் தாங்குறது அந்த வளைவுதான். எவ்ளோ மெலிசா இருந்தாலும் பக்கவாட்டுல தள்ளும். நடுவுல இருக்கிறது ஒண்ணை ஒண்ணு தள்ளி சமமாயிடும், கடைசி வளைவு மட்டும் சுவரைத் தள்ளும், அதனால ஓரத்துல சுவர் விலகாம இழுத்துப் பிடிக்கிற இரும்புக் கம்பி எதாவது தெரிஞ்சா அறுத்துறாதீங்க.

இந்த வேலை எவ்ளோ உறுதினு தெரியணும்னா நியூயார்க் எல்லிஸ் தீவுல, அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவங்களைப் பதிவு பண்ணின பெரிய ஹாலைப் பாருங்க. வலென்சியாவுல பிறந்த ரஃபேல் குவாஸ்தவினோ 1881ல அமெரிக்கா போய் இதே முறையை அங்க கொண்டுபோனார், அந்த ஹால் கூரையை அவர் கம்பெனி 1918ல கட்டுச்சு. 28,000க்கு மேல இதே மாதிரி செங்கல் ஓடு இருக்கு, 1980கள்ல பழுது பாத்தப்ப மாத்த வேண்டி வந்தது வெறும் 17.

பதில் 3:
மர உத்தரம்னா சுவருக்குள்ள போற முனையை முதல்ல பாருங்க. செங்கல் அப்படியே இருக்கும், உத்தரம் உளுத்துப் போயிருக்கும், முக்கியமா மேல் வீட்டு பாத்ரூம் கீழ.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. மர உத்தரம்தான். பாத்ரூமுக்குக் கீழ வர்ற முனையில கறை இருக்கு, ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்தினேன், அரை இஞ்ச் உள்ள போயிடுச்சு. போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிட்டேன், ஆள் வந்து பாக்குற வரைக்கும் டேபிள் விளக்குதான்.