பயிராக்கப் பண்புத்தொகை: ஒரு முன்மொழிவு

வணக்கம் எல்லாருக்கும்.

"domestication syndrome" என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாகத் தங்கச்சி நேற்றுப் போட்ட "வீட்டுமயமாக்கல் நோய்க்குறித்தொகை" எனக்குச் சரியாகப் படவில்லை. 1984 இல் கார்ல் ஹாமர் என்ற ஜெர்மன் அறிஞர் இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தபோது நோயைக் குறிக்கவில்லை. காட்டுச் செடி தோட்டப் பயிரானபின் சேர்ந்தே தென்படுகிற மாற்றங்களைத்தான் சொன்னார்: காய் பெருப்பது, கைப்புக் குறைவது, விதைகள் உறங்கிக் கிடக்காமல் ஒன்றாக முளைப்பது. ஆகவே "நோய்" போகட்டும், "பண்புத்தொகை" போதும்.

திருகோணமலையில் இருக்கிறவர்கள் கத்தரியையே எடுத்துப் பாருங்கோ. காட்டுக் கத்தரியில் தண்டு, இலை நரம்பு, காயைப் பிடித்திருக்கும் புல்லி எல்லாம் முள், காயோ தேசிக்காயிலும் சின்னது, பழுத்தால் மஞ்சள். சந்தைக்கு வருகிற சில இனங்களிலும் காம்பு முள் இன்னும் கையில் குத்தும். முள்ளில்லாத இனங்களில் நடந்தது என்னவென்று 2024 இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது: சைட்டோகைனின் என்ற ஓமோனை ஆக்க உதவும் "லொக்" பரம்பரையலகு ஒன்று விகாரமடைந்து வேலை செய்யாமல் போனதால்தான் முள் போனது. கத்தரியின் உறவுப் பயிர்கள் வேறு சிலவற்றிலும் இதே குடும்பப் பரம்பரையலகுதான் தனித்தனியாகக் கெட்டிருக்கிறது, எனக்கு இது பெரிய வியப்பு.

தக்காளியில் கதை வேறு. காட்டுத் தக்காளிக்கு உள்ளே விதை இருக்கும் அறைகள் இரண்டுதான். குருத்து நுனி அளவுமீறிப் பருக்காமல் அடக்கி வைக்கும் கிளாவாட்டா 3 என்ற பரம்பரையலகு கெடவில்லை, அதன் பக்கத்து டிஎன்ஏ துண்டொன்று தலைகீழாகப் புரண்டதால் அதன் செயற்பாடு குறைந்து, பூ பருத்து, அறைகள் கூடின.

அப்புறம் "domestication" என்ற முதற்பாதிக்குப் "பழக்கல்" என்று அண்ணை சொன்னது. யானையைப் பழக்கலாம், ஆனால் பழகிய யானையின் குட்டி காட்டு யானைக் குட்டியேதான். இங்கே மாற்றம் விதையோடு அடுத்த தலைமுறைக்குப் போகிறது, அதனால் "பயிராக்கம்" வேண்டும். பயிரிடுதலோடு குழம்பும் என்ற பயம் வேண்டாம், அதற்குப் "பயிர்ச்செய்கை" என்று நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "முள் இழப்பு கத்தரியின் பயிராக்கப் பண்புத்தொகையில் ஒன்று." தடங்கலில்லாமல் வாசிக்கலாம். பாகல், வெண்டி பற்றி எழுதுகிறவர்கள் தங்கள் வாக்கியத்திலும் போட்டுப் பார்த்துவிட்டு, இடறினால் எங்கே இடறுகிறது என்று எழுதுங்கோ.