அடிதாண்டலா, வரிதாண்டலா?

க. எழுதியது:
வணக்கம். டி. எச். லாரன்ஸின் திமிங்கிலக் கவிதைக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன். திங்கட்கிழமை வகுப்பு. கவிதை அவர் மறைந்தபின் 1932இல் தொகுப்பில் வந்தது. நீண்ட கட்டற்ற வரிகள், 'அண்ட்' போட்டுத் தொடுத்துக்கொண்டே போகும் நடை, இதையெல்லாம் சொல்லிவிட்டேன். ஒன்றில் நிற்கிறது. கடல் குளிர்ந்தது என்கிறார்கள், ஆனால் கடல் கொண்டிருப்பதோ என்று முதல் வரி முடியாமல் நிற்க, எல்லாவற்றிலும் சூடான குருதி அடுத்த வரியில்தான் வருகிறது. பொருள் வரியோடு முடியாமல் அடுத்த வரிக்குள் ஓடும் இந்த என்ஜாம்ப்மென்ட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'வரி உடைப்பு' எல்லா வரிக்கும் பொருந்திவிடுகிறது.

செ. எழுதியது:
அடிதாண்டல். பிரெஞ்சில் 'ஜாம்ப்' என்றால் கால்; காலெடுத்துத் தாண்டுவதே அந்தச் சொல். நமக்கு அடி என்றால் பாதம், செய்யுள் வரி இரண்டுமே. 'கற்றதனால் ஆய பயனென்கொல் வாலறிவன்' என்று நிறுத்தி, 'நற்றாள்' என்று அடுத்த அடியைத் தொடங்குகிறாரே வள்ளுவர்! நம்மிடம் இல்லாததா?

ம. எழுதியது:
புதுச்சொல் எதற்கு? செய்யுளின் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறைதானே பொருள்கோள்; நன்னூல் சொல்லும் எட்டில் யாற்றுநீர் இருக்கிறதே. நிற்காமல் ஓடுவதுதானே ஆறு?

செ. எழுதியது:
ஐயா, நூற்பாவைப் பாருங்கள்: 'அடிதொறும் வான்பொருள் அற்றற்று ஒழுகும்'. ஒவ்வோர் அடியிலும் பொருள் முடிய வேண்டும். இது நேர் எதிர். குளகமும் உதவாது, அது பல பாட்டு சேர்ந்து ஒரு வினை கொள்வது.

ந. எழுதியது:
செ. ஐயா சொல்லும் வேர் அழகுதான். ஆனால் ஆங்கில யாப்பின் 'ஃபுட்' நமக்குச் சீர். அடிதாண்டல் என்றால் பிள்ளைகள் ஃபுட்டைத் தாண்டுவதாக எழுதுவார்கள். அதோடு, சீரும் தளையும் இல்லாத கவிதையில் அடி எங்கே இருக்கிறது? வரிதாண்டல் போதும்.

ம. எழுதியது:
சரி. அப்படியே திமிங்கிலத்தையும் மாற்றுங்கள். திமி என்னும் பெருமீனை விழுங்குவது என்று வடமொழி. மதுரைக்காஞ்சியில் பனைமீன் இருக்கிறது.

ந. எழுதியது:
பனைமீன் திமிங்கிலம்தானா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா. திங்கட்கிழமை வகுப்பு.

வ. எழுதியது:
தாண்டல் எனக்கு ஒட்டவில்லை. நான்காம் வரியைப் பாருங்கள். திமிங்கிலங்கள் உந்துகின்றன என்ற வினையில் மூன்றாம் வரி முடிகிறது. 'மேலும் மேலும்' என்று நான்காவது தொடங்கி, பனிமலைகளுக்கு அடியில் மூழ்குகிறது. வாசிப்பவரைப் பின்னாலிருந்து தள்ளுவது அந்த வினை. தாண்டுபவர் தானாகத் தாண்டுகிறார். இங்கே வரி நம்மைத் தள்ளுகிறது. வரியுந்தல் என்பேன்.

க. எழுதியது:
வ., அந்த விளக்கத்தை அப்படியே குறிப்பில் சேர்க்கிறேன். சொல் மட்டும் வரிதாண்டல். முதல் இடத்தில் பக்கத்திலேயே என்ஜாம்ப்மென்ட் என்றும் போடுகிறேன். பெரும்பாலோர் இதற்கு இசைகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

செ. எழுதியது:
லாரன்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குறளுக்கு அடிதாண்டல்தான். வெண்பாவைப் பற்றி எழுதும்போது வரி என்று எழுத என் கை வராது.