பெரியப்பச்சியின் இறப்புச் சான்றிதழைத் தம்பி மகன் பெற முடியாதா? உதவி தேவை

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். தேவகோட்டைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டைப் பாகம் பிரித்துப் பதிவு செய்ய முற்பட்டபோது, 1994-ல் இவ்வூரிலேயே காலமான என் பெரியப்பச்சியின் (அப்பாவின் அண்ணன்) இறப்புச் சான்றிதழ் எவரிடமும் இல்லை என்பது தெரிந்தது. அவருக்கு மக்கள் இல்லை, பிள்ளை கூட்டிக்கொள்ளவும் (தத்தெடுக்கவும்) இல்லை, பெரியாத்தாவும் தவறிவிட்டார். மனைவி மக்களுக்கு மட்டுமே சான்றிதழ் தருவோம், மற்றவர்கள் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் முதலில் இறப்புச் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில் (ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்):
உங்களுக்குச் சொல்லப்பட்டது சரியன்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-ன் 17-ஆம் பிரிவு, கட்டணம் முதலான விதிகளுக்கு உட்பட்டு, எந்த ஒரு நபரும் பதிவேட்டில் தேடச் செய்து சான்று பெறலாம் என்கிறது. உறவுமுறையை அது நிபந்தனையாக்கவில்லை. தகவல் கொடுத்தவருக்குப் பதிவானவுடன் இலவசமாகத் தரப்படும் பிரதியைப் பற்றி 12-ஆம் பிரிவு தனியாகப் பேசுகிறது. அந்த இரண்டையும் பலர் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். ஒரே ஒரு தடை உண்டு: இறப்புக்கான காரணம் பதிவேட்டில் இருந்தாலும், யாருக்குத் தரும் சான்றிலும் அதை வெளியிடக் கூடாது. குடும்பத்தின் அந்தரங்கம் அதனால் காக்கப்படுகிறது என்பதால் அந்தத் தடையை நான் எப்போதும் மதித்தே வந்திருக்கிறேன்.

கிராமங்களின் பழைய பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் என்பதால் அங்கும் தேடச் சொல்லுங்கள். இறந்தவரின் பெயர், தந்தை பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுத்தில் கொடுத்து, மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

பதில் (காரைக்குடி வழக்கறிஞர்):
மேலே கூறியது சரி. எழுத்தில் மறுப்புக் கிடைத்தால், 2023 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 25ஏ பிரிவின்படி 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் சான்றிதழ் பெறும் உரிமையும் சொத்தில் உரிமையும் வேறு வேறு. அது இறப்பை மட்டுமே நிரூபிக்கும், உங்களை வாரிசாக்காது. நம் பகுதியில் பர்மாவிலோ மலேயாவிலோ காலமானவர்களுக்கும் இங்கே தேடி அலைகிறார்கள். இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு இருக்கும் என்பதால் அது வீண் அலைச்சல். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. பிரிவைக் குறிப்பிட்டு விண்ணப்பித்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு கிடைத்துவிட்டது. ஆனால் பட்டாவில் உள்ள முழுப் பெயருக்குப் பதிலாக, வீட்டில் அழைக்கும் பெயரே அதில் எழுதப்பட்டிருக்கிறது. புதிதாகப் பதிய முடியுமா?

பதில் (காரைக்குடி வழக்கறிஞர்):
வேண்டாம், ஒரே இறப்பை இருமுறை பதியக் கூடாது. 15-ஆம் பிரிவின்படி, பிழை என்று பதிவாளர் மனநிறைவு கொண்டால், மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதித் தேதியுடன் கையொப்பமிடுவார். இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்குப் பட்டா, பழைய பத்திரம் ஆகியவற்றின் நகல்களுடன், அவரை நேரில் அறிந்த பங்காளிகள் இருவரின் உறுதிமொழிகளையும் இணைத்து மனுக் கொடுங்கள்.