ஆறு மாசமா செஸ் ரேட்டிங் 700லயே நிக்குது, எதை முதல்ல சரி பண்ணணும்?

குடியாத்தம்_சிப்பாய்

எல்லாருக்கும் வணக்கம். வயசு 36. விதியெல்லாம் தெரியும், ஆன்பாசான் (ரெண்டு கட்டம் தாண்டி வந்த பானை, அதாவது சிப்பாயை, பக்கத்துப் பான் வெட்டற விதி) வரைக்கும். செஸ்.காம்ல 10 நிமிட ஆட்டம் தினமும் மூணு நாலு ஆடறேன். ரேட்டிங் 700. ஓப்பனிங் (ஆட்டத்தோட முதல் மூவ்கள்) வீடியோ நிறைய பார்த்தாச்சு, அப்படியும் பதினஞ்சு மூவுக்குள்ள ஒரு குதிரையோ பிஷப்போ போயிடுது. ராணி ஒண்ணு அதிகமா இருந்தும் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு வைக்க மூவ் இல்லாம போறது) ஆகி டிரா ஆகுது. அதுதான் ரொம்ப வலிக்குது.

ஒரு நாளைக்கு 45 நிமிஷம் ஒதுக்க முடியும். அது போக வேலூருக்குப் பஸ்ஸில் போக வர நேரம் கிடைக்கும். ஏழாவது படிக்கிற மகளும் கூட ஆடறா. மே மாசம் வேலூர் பக்கம் ஏதாவது ஓப்பன் போட்டி வந்தா ரெண்டு பேரும் ஆடணும்னு ஆசை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

---

பாலாறு64

மேடம், வீடியோவை இப்போதைக்கு நிறுத்திடுங்க. 700ல ஜெயிக்கிறதும் தோக்கிறதும் யார் காயைச் சும்மா விடறாங்கன்றதுலதான் இருக்கு. உங்க எதிராளியும் விடறாரு, அதையும் நீங்க பார்க்காம போறீங்க. ரெண்டும் ஒரே பழக்கம் இல்லாததால வர்றது.

பழக்கம் இதுதான். எதிராளி மூவ் வெச்சதும் உங்க திட்டத்தை ஓரமா வெச்சுட்டு அந்தக் காயை மட்டும் பாருங்க. புது இடத்துல அது எதைத் தாக்குது? பழைய இடத்துல எதைக் காத்துட்டு இருந்துச்சு, அந்தக் காவல் இப்ப போச்சா? அது நகர்ந்ததால பின்னாடி எந்தக் கோடு திறந்துச்சு? முதல் கேள்வியை எல்லாரும் கேட்கிறாங்க. ரெண்டாவதையும் மூணாவதையும் விடறாங்க, காய் போறது அங்கதான்.

அப்புறம் உங்க மூவைத் தேர்ந்தெடுங்க. உடனே வெச்சிடாதீங்க. அதை வெச்சாச்சுன்னு மனசுல நினைச்சுக்கிட்டு, எதிராளி பக்கம் உட்கார்ந்து மூணு விஷயம் தேடுங்க: அவருக்கு என்ன செக் இருக்கு, என்ன வெட்டு இருக்கு, என்ன மிரட்டல் இருக்கு. இதே வரிசையில.

ஒரு உதாரணம், போர்டுல அடுக்கிப் பாருங்க (எழுத்து நெடுக்குக் கோடு, எண் குறுக்கு வரிசை; காய் பேர் சொல்லலைன்னா அது பான்). வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4. இப்ப கறுப்பு குதிரையை எஃப்6ல வெச்சா, வெள்ளை குதிரை ஜி5 போறது நிஜமான தாக்குதல். எஃப்7ல ரெண்டு காய் பாயுது. ஆனா கறுப்பு அதுக்குப் பதிலா பிஷப்பை சி5ல வெச்சா? அதே குதிரை ஜி5 போனா, டி8ல இருக்கிற ராணி நேரா வந்து சும்மா வெட்டிட்டுப் போகும். டி8லிருந்து ஜி5 வரை கோடு காலி. முதல் வகையில அந்தக் கோட்டை எஃப்6 குதிரை மறிச்சிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வீடியோ பார்த்து "குதிரை ஜி5"னு மனப்பாடம் பண்ணவங்க இங்க ஒரு குதிரையைக் கொடுத்துடுவாங்க.

எண்ணிக்கையிலயும் கவனம் வேணும். பான் 1, குதிரை 3, பிஷப் 3, ரூக் (யானை) 5, ராணி 9. கறுப்பு கேஸ்லிங் (ராஜாவும் ரூக்கும் ஒரே மூவுல சேர்ந்து நகர்றது) பண்ணின பிறகு எஃப்7ல பிஷப்பால வெட்டி, ரூக் எடுக்க, குதிரையால அந்த ரூக்கை எடுக்க, ராஜா குதிரையை எடுக்கும். கொடுத்தது 6, எடுத்தது 6. சமம் மாதிரி தெரியும், ஆனா வெள்ளைக்கு நஷ்டம். வெளிய வந்து வேலை செஞ்ச ரெண்டு காயையும் இழந்துட்டு, ஆரம்ப ஆட்டத்துல இன்னும் வேலையே வராத ரூக்கை வாங்கியிருக்கு.

10 நிமிஷ ஆட்டத்துல இதெல்லாம் யோசிக்க நேரம் பத்தாது. 15+10 (ஆளுக்கு 15 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 10 நொடி கூடும்) ஆடுங்க. 40 மூவ் போனா ஒருத்தருக்கு 15 நிமிஷமும் 400 நொடியும், ரெண்டு பேருக்கும் சேர்த்து அதிகபட்சம் சுமார் 43 நிமிஷம். உங்க 45 நிமிஷத்துக்கு ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம் சரியா இருக்கும். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆடாத நாள்ல முந்தின ஆட்டத்தைப் பிரிச்சுப் பாருங்க. முதல் 20 நிமிஷம் எஞ்சின் (ஆட்டத்தை அலசற கம்ப்யூட்டர் நிரல்) இல்லாம நீங்களே தப்பைத் தேடுங்க, அப்புறம் எஞ்சினைப் போடுங்க. நோட்டுல ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி போதும்: எந்த மூவ், எதைப் பார்க்கல. இருபது வரி சேர்ந்ததும் எந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருதுன்னு நோட்டே காட்டும்.

---

அகழி_ஓரம்

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஓப்பனிங் அறவே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். வேண்டியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் இல்லையென்றால் ஆட்டம் தொடங்குமுன் முடிந்துவிடும்.

700ல் அடிக்கடி வருவது ராணியை இரண்டாவது மூவிலேயே எச்5க்குக் கொண்டுவருவது. ஈ4 ஈ5, ராணி எச்5. இதற்குப் பயந்து உடனே ஜி6 பானைத் தள்ளினால் போச்சு. ராணி ஈ5 பானை வெட்டிச் செக் கொடுக்கும், அடுத்து எச்8 ரூக்கையும் எடுக்கும். முதலில் குதிரை சி6 வைத்து ஈ5ஐக் காக்க வேண்டும். வெள்ளை பிஷப் சி4 வைத்து எஃப்7ல் மேட் மிரட்டும். இப்போது குதிரை எஃப்6 என்று வைத்தால் அடுத்த மூவே மேட். இந்த இடத்தில்தான் ஜி6. ராணி எஃப்3க்குப் பின்வாங்கி மறுபடி எஃப்7ஐக் குறிவைக்கும், அப்போது குதிரை எஃப்6. சி6, ஜி6, எஃப்6. மூன்றும் நல்ல மூவ்கள்தான், வரிசை மாறினால் இரண்டு ஆளைக் கொல்லும். மகளோடு பத்துத் தடவை இருபுறமும் மாறி மாறி ஆடிப் பாருங்கள், கை பழகிவிடும்.

வெள்ளையில் ஈ4, குதிரை எஃப்3, பிஷப் சி4, கேஸ்லிங், பிறகு டி3. கறுப்பில் ஈ4க்கு ஈ5. எதிராளி டி4 வைத்தால் டி5, குதிரை எஃப்6, ஈ6, பிஷப் ஈ7, கேஸ்லிங். இது போதும். லண்டன் சிஸ்டம் என்ற வெள்ளைக்கான ஓப்பனிங்கைக் கற்றுக்கொள்ளச் சொல்லிப் பலர் வருவார்கள். கெட்டதல்ல, ஆனால் எதிராளி என்ன ஆடினாலும் அதே மூவ்களை வைக்கும் பழக்கம் வந்துவிடும். உங்கள் நோயே எதிராளியின் மூவைப் பார்க்காததுதான் என்பதால் இப்போது வேண்டாம்.

---

சத்துவாச்சாரி_யானை

ஸ்டேல்மேட் பற்றி யாரும் சொல்லவில்லை. சகோதரிக்கு அதுதான் வலிக்கிறது என்கிறார்.

ராணியும் ராஜாவும் தனி ராஜாவுக்கு எதிரே இருந்தால், எந்த நிலையிலிருந்தும் சரியாக ஆடினால் அதிகபட்சம் 10 மூவில் மேட். ராணிக்குப் பதில் ரூக் இருந்தால் 16. ஆகவே அவசரமே இல்லை, முறை மட்டும் வேண்டும். ராணியை எதிரி ராஜாவிலிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் வையுங்கள். ராஜா எந்தப் பக்கம் போனாலும் ராணியும் அதே பக்கம் ஒரு கட்டம் நகரட்டும். செக் கொடுக்கவே வேண்டாம். ராஜா தானாக ஓரத்துக்கு, மூலைக்குப் போய்ச் சேரும். மூலையில்தான் ஆபத்து: ராஜா ஏ8ல், ராணி பி6ல் என்றால் அதுவும் குதிரைத் தாவல்தான், ஆனால் ராஜாவுக்குப் போக இடமில்லை, செக்கும் இல்லை, ஸ்டேல்மேட். ஆகவே ராஜா ஓரத்தை அடைந்ததும் பின்தொடர்வதை நிறுத்தி, ராணியை டி7 போல ஏழாம் வரிசையில் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். எதிரி ராஜா ஏ8, பி8 என இரண்டு கட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். உங்கள் ராஜாவை நிதானமாக பி6 வரை கொண்டுவந்து, ராணி பி7, மேட். மகள் தனி ராஜாவை வைத்து ஓடட்டும், நீங்கள் துரத்துங்கள். ஒரே மாலையில் வந்துவிடும்.

அடுத்தது ஒரு பான் முடிவாட்டம். உங்கள் ராஜா ஈ6ல், பான் ஈ5ல், எதிரி ராஜா ஈ8ல் என்றால், யார் ஆட வேண்டி இருந்தாலும் வெற்றி உங்களுக்கே. ராஜா பானுக்கு முன்னால், ஆறாம் வரிசையில் நிற்பதே காரணம். பானை முன்னே ஓடவிட்டு ராஜா பின்னால் வந்தால் பெரும்பாலும் டிரா. பான் ஏழாம் வரிசைக்குச் செக்கோடு போனால் டிரா, செக் இல்லாமல் போனால் வெற்றி என்று நினைவு வைக்கலாம். இதெல்லாம் ஏ, எச் வரிசைப் பானுக்குப் பொருந்தாது. எதிரி ராஜா மூலையைப் பிடித்துவிட்டால் அங்கே டிராதான்.

இது தொடக்க நிலைப் பாடம் என்று ஒதுக்க வேண்டாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் குகேஷுக்கும் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கும் 14வது ஆட்டம். ஆளுக்கொரு ரூக், ஒரு பிஷப், குகேஷுக்கு ஒரு பான் அதிகம். 55வது மூவில் டிங் ரூக்கை எஃப்2ல் வைத்தார். ரூக்குகள் வெட்டுப்பட்டன, குகேஷ் பிஷப்பை டி5ல் வைத்து அதையும் மாற்ற வைத்தார். மிஞ்சியது ராஜாவும் பான்களும். 58வது மூவோடு உலகப் பட்டம் சென்னைக்கு வந்தது. எல்லாக் காயையும் வெட்டி எடுத்தபின் மிஞ்சும் பான் ஆட்டம் ஜெயிக்குமா என்று குகேஷுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்த ஆட்டத்தின் கடைசி நான்கு மூவையும் போர்டில் வைத்துப் பாருங்கள்.

---

குடியாத்தம்_சிப்பாய்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஜி6ஐ முதல்லயே தள்ளித்தான் ரூக்கை இழந்துட்டு இருந்திருக்கேன்.

பஸ்ல புதிர் போடலாமா? ஒரு நாளைக்கு எத்தனை? போட்டிக்குப் போறதுக்கு முன்னாடி வேற என்ன தெரிஞ்சிருக்கணும்? வீட்ல இருக்கிறது சின்ன மடக்கு போர்டு.

---

பாலாறு64

பஸ்ல ஆட்டம் வேண்டாம், புதிர் போடுங்க. வழியில சிக்னல் போச்சுன்னா ஆட்டம் போயிடும். லிசெஸ்ல (செஸ்.காம் மாதிரி இன்னொரு தளம்) புதிர் எல்லாம் இலவசம், செயலி கொஞ்சம் புதிரை முன்னாடியே இறக்கியும் வெச்சுக்கும். 10 முதல் 15 போதும். நேரம் ஓடற வகைப் புதிர் வேண்டாம், அது ஊகிக்கத்தான் பழக்கும். முழுத் தீர்வையும், எதிராளி பதில் மூவையும் சேர்த்து மனசுல பார்த்த பிறகுதான் திரையைத் தொடணும். தப்பானா ஏன்னு புரியாம அடுத்ததுக்குப் போகாதீங்க. முதல் ரெண்டு மாசம் ஒரு மூவ் மேட், ரெண்டு மூவ் மேட், ஃபோர்க் (ஒரே காய் ரெண்டு காயைத் தாக்கறது), பின் (நகர்ந்தா பின்னாடி இருக்கிற பெரிய காய் போயிடும்னு ஒரு காயைக் கட்டிப்போடறது) இதுங்க மட்டும். லிசெஸ்ல தலைப்பு வாரியா பிரிச்சே இருக்கும்.

ஒண்ணு சொல்லணும், லிசெஸ்ல புதுக் கணக்கு 1500ல ஆரம்பிக்கும். அந்த எண்ணையும் செஸ்.காம் எண்ணையும் பக்கத்துல வெச்சுப் பார்த்து சந்தோஷமோ கவலையோ படாதீங்க. ரெண்டும் வேற அளவுகோல்.

---

ஆற்காடு_குதிரை

அக்கா, போட்டி விஷயம் நான் சொல்றேன்.

மடக்கு போர்டை மாத்திடுங்க. போட்டியில கட்டம் 5 முதல் 6 செ.மீ., ராஜா உயரம் 9.5 செ.மீ. அளவுல இருக்கும். திரையிலயும் சின்ன போர்டுலயும் பழகின கண்ணுக்கு, பெரிய போர்டுல தூரத்து மூலையில நிக்கிற பிஷப் தெரியவே தெரியாது. சுருட்டற வினைல் போர்டும் பிளாஸ்டிக் காயும் போதும், மரம் வேண்டியதில்லை. அதே மாதிரி ஊர்ல சிலர் ராணியை மந்திரின்றாங்க, சிலர் பிஷப்பை மந்திரின்றாங்க. நடுவர்கிட்ட பேசும்போது ராணி, பிஷப்னே சொல்லுங்க, குழப்பம் வராது.

தொட்ட காயை நகர்த்தணும். ஆன்லைன்ல ஆடி வர்றவங்களுக்கு முதல் அடி இங்கதான். எதிராளி காயைத் தொட்டா, வெட்ட வழி இருந்தா வெட்டியே ஆகணும். காய் கோணலா இருந்தா முதல்ல "அட்ஜஸ்ட்"னு சொல்லிட்டு, உங்க முறை வரும்போது மட்டும் சரி பண்ணுங்க. கேஸ்லிங் பண்ணும்போது ராஜாவை முதல்ல ரெண்டு கட்டம் நகர்த்தணும், அப்புறம் ரூக், ரெண்டுமே ஒரே கையால. ரூக்கை முதல்ல தொட்டுட்டா அந்த மூவுல அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது. காயை நகர்த்தின கையாலதான் கடிகாரத்தையும் அழுத்தணும்.

ஒரு நாள் போட்டின்னா பெரும்பாலும் ரேபிட் (குறைஞ்ச நேர ஆட்டம்)தான், மூவ் எழுதத் தேவையில்லை. கிளாசிக்கல்னா (நீண்ட நேர ஆட்டம்) எழுதணும், மூவை வெச்ச பிறகுதான் எழுதணும். மகளுக்கு இப்பவே வீட்டு ஆட்டத்துல எழுதிப் பழக்குங்க. எழுதற அந்தப் பத்து நொடியில அவசரமும் அடங்கும். தப்பான மூவ் வெச்சுக் கடிகாரத்தை அழுத்திட்டா முதல் தடவை எதிராளிக்கு 2 நிமிஷம் கூடும், ரெண்டாவது தடவை ஆட்டமே போச்சு. எதிராளி அப்படிப் பண்ணினா, நீங்க மூவ் வைக்காம கடிகாரத்தை நிறுத்திட்டு கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுங்க. போனை அணைச்சு பையில போட்டு, பையை நடுவர் சொல்ற இடத்துல வைங்க.

ரேட்டிங் போட்டின்னா ரேட்டிங் உள்ளவங்களோட குறைஞ்சது 5 ஆட்டம் சேர்ந்தாதான் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் வரும். 2024 மார்ச்சுலிருந்து அதுக்குக் கீழ்மட்டம் 1400. முதல் போட்டியிலேயே வரணும்னு மகளை நெருக்காதீங்க.

மே மாசம் வேலூர் வெயில் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மின்விசிறி மட்டும் உள்ள ஹால்ல ஆறு ரவுண்டுன்னா நாலாவது ரவுண்டுல தலை நிக்காது. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தயிர் சாதம் கட்டிட்டுப் போங்க. மதியம் பிரியாணி சாப்பிட்டா அடுத்த ரவுண்டுல தூக்கம்தான் வரும், அதை ஆட்டம் முடிச்சு சாயந்திரம் வெச்சுக்கலாம். ரெண்டு பேனா எடுத்துட்டுப் போங்க.