பாதித் தொகைக்கு அளந்து கொடுப்பவரோடு எப்படிப் போட்டி போடுவது?

முக்காலி:
ஒரே மாதத்தில் மூன்று நில அளவை வேலை கைவிட்டுப் போனது. மூன்றையும் எடுத்தவர் ஒருவரே. என்னிடம் செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தைக் காட்டும் ஆர்டிகே ரிசீவர் ஜோடி இருக்கிறது, கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனில் ஒற்றை ஆளாக இயக்கக்கூடிய ரோபோட்டிக் வகையும் இருக்கிறது. தவணை இன்னும் மூன்று வருடம் ஓடும். அவரிடம் இருப்பது இருபது வருடப் பழைய டோட்டல் ஸ்டேஷன், ஒரு ஸ்டீல் டேப், கூட ஒரு உதவியாள். நான் சொன்ன தொகையில் பாதிதான் கேட்கிறார். இப்படிப் போனால் நல்ல கருவி வாங்க யார் துணிவார்கள்? பழைய கருவிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ரேட்டை இறக்குவது தொழிலையே கெடுக்கிறது என்பது என் கருத்து.

கண்ணி100:
தம்பி, உங்க கோபம் புரியுது. ஆனா உங்க தவணையை நிலத்துக்காரர் ஏன் கட்டணும்? நானும் பழைய கருவிக்காரன்தான். அதுக்குப் பணம் எப்பவோ கட்டி முடிச்சாச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை காலிபரேஷன், எப்பவாவது பேட்டரி மாத்துறது, அதான் செலவு. அதனால குறைச்சுக் கேக்க முடியுது.

துல்லியம்னு பேசினா, என்னோடது 5 செகண்ட் கருவி, அதாவது கோணத்துல அவ்வளவுதான் தப்பும் (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினா ஒரு பங்கு ஒரு செகண்ட்). 100 மீட்டர் தள்ளி 5 செகண்ட் கோணம் தப்பினா பக்கவாட்டுல 2.4 மில்லிமீட்டர். ஆர்டிகே ரிசீவருக்குப் பொதுவா கொடுக்கிற அளவே 8 மில்லிமீட்டர், அதோட கிலோமீட்டருக்கு இன்னொரு மில்லிமீட்டர். அதுவும் தலைக்கு மேல வானம் திறந்திருந்தாதான். சின்ன மனைக்கு எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க.

முக்காலி:
அந்த 5 செகண்ட் கருவி புதிதாக வந்த நாளில் அண்ணே. இருபது வருடம் வண்டியில் குலுங்கிய பிறகும் அதே 5 தானா? டேப்பையும் பாருங்கள். 30 மீட்டர் ஸ்டீல் டேப், 20 டிகிரி வெப்பம் கூடினால் 7 மில்லிமீட்டர் நீளும். தூரத்தைக் குறைத்துக் காட்டும். உச்சி வெயிலில் அளந்துவிட்டு அதற்குத் திருத்தம் போடுகிறவர்கள் எத்தனை பேர்?

ஒரு இடத்தில் நானே பார்த்தேன். டேப்பின் முனை ஒடிந்திருந்தது. உதவியாள் 10 சென்டிமீட்டர் கோட்டைக் கல்லில் வைத்துப் பிடித்தார். மூன்று பக்கத்துக்கு அந்தப் பத்தைக் கழித்தார்கள், நாலாவது பக்கத்துக்கு மறந்துவிட்டார்கள். அந்தப் பத்து சென்டிமீட்டர் இப்போது சுற்றுச்சுவராக நிற்கிறது.

கண்ணி100:
அது டேப்போட தப்பா? சுத்தி வந்து ஆரம்பிச்ச கல்லுலயே முடிச்சு, கணக்கு மூடுதான்னு, அதாவது அளவெல்லாம் அதே இடத்துல வந்து சேருதான்னு பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான் காலையில முதல் வேலையா ஒரே குறியை இடது முகம், வலது முகம் ரெண்டுலயும் (தொலைநோக்கியைப் புரட்டிப் போட்டு) பாத்து, 180 டிகிரியில எத்தனை செகண்ட் விலகுதுன்னு புத்தகத்துல எழுதிட்டுத்தான் நகர்வேன். கருவி குலுங்கியிருந்தா அந்த வரியே சொல்லிடும்.

நானும் ஒண்ணு சொல்றேன். பெரிய மரத்தடியில ஒரு மூலைக்கல். புதுக் கருவிக்காரங்க ரிசீவர் கம்பை வெச்சாங்க, இடம் உறுதியாயிடுச்சுன்னு திரையில ‘ஃபிக்ஸ்’னு பச்சை எழுத்து வந்துச்சு, பத்து விநாடியில கல் ஊன்றிட்டுக் கிளம்பிட்டாங்க. பின்னாடி நான் ரெண்டு திசையிலேருந்து பாத்தப்போ கல் 38 சென்டிமீட்டர் தள்ளி நிக்குது. இலையிலயும் பக்கத்துச் சுவர்லயும் பட்டுத் திரும்பின சிக்னலை நம்பின வினை. கம்பை எடுத்துட்டு அரைமணி கழிச்சு மறுபடி வெச்சிருந்தா மாட்டியிருக்கும். அந்த அரைமணிக்கு அவங்களுக்கு நேரமில்ல.

நீர்மட்டம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், நான் வடிகால் வேலை செய்பவன். இருவரும் உயரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஆர்டிகே-யில் உயரப் பிழை, கிடைமட்டப் பிழையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 1:500 சரிவுள்ள குழாயில் 10 மீட்டருக்கு வாட்டம் 2 சென்டிமீட்டர்தான். ரிசீவர் பிழையிலேயே அது கரைந்துபோகும், தண்ணீர் தேங்கும். இந்த வேலைக்கு எனக்கு ஆட்டோ லெவலும் (மட்டம் பார்க்கும் கருவி) ஸ்டாஃபும் (நிறுத்திப் பிடிக்கும் அளவுகோல்) கொண்டு வருகிறவர் போதும். ஆனால் அவரும் டூ பெக் டெஸ்ட் (இரண்டு முளை அடித்து, கருவியின் பார்வைக்கோடு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) செய்து காட்ட வேண்டும்.

நிலத்துக்காரி:
பணம் கொடுக்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நான் மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டேன். மூன்றிலும் ஒரு வரி, ஒரு தொகை. எந்தக் கருவி, எத்தனை முறை பார்ப்பார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. குறைந்ததை எடுத்தேன். வேறு எதை வைத்து நான் தேர்ந்தெடுப்பது?

பிறகு பக்கத்து நிலத்துக்காரர் வேறொருவரை அழைத்தார். இரண்டு படத்துக்கும் முக்கால் மீட்டர் வித்தியாசம். கடைசியில் தெரிந்தது, என்னுடையவர் வேலியோரம் கண்ணில் பட்ட கல்லிலிருந்து தொடங்கியிருக்கிறார். பழைய கல் அரை அடி மண்ணுக்குக் கீழே இருந்தது. கடப்பாரை எடுத்துத் தோண்டியவர் அந்த இரண்டாவது ஆள்தான். அவர் எந்தக் கருவி வைத்திருந்தார் என்பது இப்போது நினைவில்கூட இல்லை.

கண்ணி100:
அம்மா சொன்னதுதான் தொழில். தப்பான கல்லுலேருந்து மில்லிமீட்டர் சுத்தமா அளந்தாலும் தப்புதான்.

முக்காலி:
தோண்டுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லா வேலையும் சின்ன மனை அல்ல. நான் இழந்த மூன்றில் ஒன்று, நாற்பது ஹெக்டேர் மேட்டு நிலத்துக்குக் கான்டூர் (சம உயரக் கோட்டுப் படம்). என்னால் திறந்த வெளியில் ஓரிரு நாளில் நெருக்கமாகப் புள்ளி எடுக்க முடியும். அந்த வேலையை எடுத்தவர் முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்துக் கொடுத்தார். நடுவில் ஓடிய ஒரு ஓடை படத்திலேயே இல்லை. பாதித் தொகைக்குப் பாதிப் புள்ளிகூட இல்லை!

உங்களிடமே நேராகக் கேட்கிறேன் அண்ணே. இரு முகமும் பார்த்து, கணக்கு மூடி, கல்லும் தோண்டினால் உங்களுக்கு நாள் கூடும், உதவியாளுக்குக் கூலி கூடும். அப்புறம் எப்படிப் பாதித் தொகை கட்டுப்படியாகிறது? இந்தக் கருவி ஒருநாள் நின்றுபோனால் அடுத்ததை எதை வைத்து வாங்குவீர்கள்?

கண்ணி100:
கான்டூர் வேலையை நான் எடுத்திருக்க மாட்டேன், அது உங்க கருவிக்குரியது. ரெண்டாவது கேள்விக்கு ஒளிக்காம சொல்றேன்: அடுத்த கருவிக்குன்னு நான் எதுவும் ஒதுக்கல. என் சொந்த நாளுக்கும் கூலி போட்டதில்ல. அதை யோசிக்கணும்.

முக்காலி:
நன்றி அண்ணே. நிலத்துக்காரி சொன்னதைப் படித்துவிட்டு என் கொட்டேஷனை மாற்றி எழுதினேன்: “பழைய எல்லைக்கற்கள் தேடித் தோண்டப்படும். ஒவ்வொரு மூலையும் வேறு வேறு நேரத்தில் இரண்டு முறை அளக்கப்படும், இரண்டு அளவும் படத்தில் காட்டப்படும். நவீனக் கருவிகள் பயன்படுத்தப்படும்.”

கண்ணி100:
முதல் ரெண்டும் சரி. கடைசி வரியை எடுத்துடுங்க.

முக்காலி:
எடுக்க மாட்டேன் அண்ணே. அதற்குத்தான் நான் தவணை கட்டுகிறேன்.

நிலத்துக்காரி:
அந்த வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். இரண்டு அளவும் படத்தில் வருமா? வரும் என்றால் அடுத்த நிலத்துக்கு உங்கள் இருவரிடமும் கேட்கிறேன்.